ஒன்பது உண்ணியும் முப்பது சாப்பாடும்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு வாரமாக என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தை உன் மாப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, அவர் பாவம்.

அன்றைக்கு என் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போனாய். சாயந்திரம் ஆபீசில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று கேட்டதும் எனக்கு உயிரே இல்லை. ஆனால் மறுநாளே, தங்கச்சி கடைக் கறி கெட்டுப்போனது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாய். கூடப்பிறந்தவனே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? உங்கள் ஆபீசுக்குத் தினமும் போன முப்பது சாப்பாடு நின்றுவிட்டது. இப்படியே போனால் மாசக் கடைசியில் கடையை மூட வேண்டியதுதான்.

அதே சட்டியிலிருந்துதான் நானும் சாப்பிட்டேன், ஊரே சாப்பிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ சர்வேயர், டீ வந்த நேரத்தைக்கூட நோட்டில் குறித்துவைக்கிற ஆள். இந்த இரண்டு மாசத்தில் உடம்புக்கு வந்ததையெல்லாம், சாப்பிட்டதோடு நேரத்தோடு எழுதியனுப்பு. தப்பு என்மேல் என்றால் நானே பூட்டுப் போடுகிறேன்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் வாயாடி


ஏப்ரல் 12

வாயாடிக்கு,

தொண்டை அடைத்தது எனக்கு. இருந்தாலும் கேட்டாய், எழுதுகிறேன்.

பிப்ரவரி 11: புதர்க்காடு அளந்தேன். காலில் ஒன்பது உண்ணி. பிடுங்கிப் போட்டேன்.
மார்ச் 4: மாமியார் வீடு. மாட்டுக்கறி, 12.40. மாலை 4.50க்குத் தடிப்பு. புது சோப்பு காரணம்.
மார்ச் 19: நண்பர் வீடு. ஆட்டுக்கறி, 1.30. மாலை 5.40க்குத் தடிப்பு. வெயில் காரணம்.
ஏப்ரல் 2: உன் கடை. ஆட்டுக்கறி, 1.10. மாலை 5.15க்குத் தடிப்பு, மூச்சுத்திணறல்.

மற்ற நாட்களில் கோழி, மீன், காய்கறி. ஒன்றுமில்லை.

எழுதி முடித்து இரண்டு தடவை படித்தேன். என்னவோ போலிருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

மாமியார் வீட்டில் தடித்தால் சோப்பு, நண்பர் வீட்டில் தடித்தால் வெயில், தங்கச்சி கடையில் தடித்தால் மட்டும் கெட்டுப்போன கறியா? நன்றாயிருக்கிறது உன் நியாயம்.

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். கடைக்குச் சாப்பிட வரும் டாக்டரம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவர் விரல் நேராக அந்த ஒன்பது உண்ணியில் போய் நின்றது. சில உண்ணிகள் கடித்தால் அதற்கப்புறம் ஆடு, மாடு, பன்றிக் கறியெல்லாம் உடம்புக்கு ஆகாமல் போய்விடலாமாம். கோழியும் மீனும் ஒன்றும் செய்யாதாம். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வருவதால் லேசில் பிடிபடாதாம். ரத்தம் சோதித்தால் தெரியுமாம்.

வீம்புக்கு ஒரு துண்டு தின்று பார்க்காதே, உன்னை எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. கடை கிடக்கட்டும், முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு வா.

உன் தங்கச்சி


ஏப்ரல் 24

என் தங்கைக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதேதான். ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை அடியோடு நிறுத்தச் சொல்லி, அவசரத்துக்கு ஊசி மருந்தும் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இன்று மதியம் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ரிசல்ட்டை வாசித்தேன். "என் தங்கச்சி கறியில ஒரு குத்தமும் இல்ல. கடிச்சது உண்ணி, கெட்டது என் வாய்" என்றேன். பெரிய அதிகாரியே கை தட்டிவிட்டார். மாடி ஆபீஸ்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். திங்கள் முதல் நாற்பத்திரண்டு சாப்பாடு.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குச் சொன்னேனே, அதுதான் மனசை அறுக்கிறது. மன்னித்துவிடு. திங்கள் நானும் வரட்டுமா? கோழி போதும்.

அண்ணன்


ஏப்ரல் 27

வாயாடி,

நோட்டிலிருந்து கிழித்த பக்கம் இது. கல்லாவுக்கு மேலே ஒட்டு.

மதியம் 1.10: தங்கை கடை. கோழி. தனிச் சட்டி, தனிக் கரண்டி. பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள்.
மாலை 5.15: ஒன்றுமில்லை. தங்கையே போன் செய்தாள். கடிகாரத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாளாம்.
மாலை 5.16: நாளைக்கு நாற்பத்துமூன்று சாப்பாடு சொன்னேன். ஒன்று எனக்கு.

அண்ணன்