வளர்ந்துகொண்டே போகும் வீடுகள்

ஆகஸ்ட் 3

மன்னிக்க வேண்டும். இது விலை எழுதும் நோட்டு, முன்பக்கத்திலிருந்து அப்பாவுடையது. பின்பக்கத்திலிருந்து நான் நாலு பக்கம் திருடிக்கொள்கிறேன். தனி நோட்டு வாங்கி எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடந்துவிடவில்லை.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள் போட்டதில் கடைசியாக வேலை கிடைத்துவிட்டது: அப்பாவின் போனை எடுப்பது. வீட்டுக் கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓட ஒரு தகரக் கால்வாய் இருக்கும். இலை, சேறு, பறவைக்கூடு, பக்கத்து வீட்டுப் பந்து என்று எல்லாம் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். அப்பா ஏணி போட்டு ஏறி அள்ளுவார். சித்தப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இரண்டும் முழுநேர வேலை.

நிறுவனத்தின் கருவிகள்: ஏணி ஒன்று, கொத்தனார் கரண்டி ஒன்று, கயிறு கட்டிய வாளி இரண்டு, இடதுகை ரப்பர் உறை மூன்று. வலதுகை உறைகள் எங்கே போயின என்று யாரும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 6

விலை நிர்ணயம் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் மூன்று வருடம் இதற்கென்றே ஒரு பாடம் வைத்திருந்தார்கள், எல்லாம் வீண். அப்பா வீட்டைச் சுற்றி எட்டு வைத்து, காலடியை எண்ணிக்கொண்டே நடப்பார். உதடு மட்டும் அசையும். அப்போது யாரும் பேசக் கூடாது, சித்தப்பா உட்பட. எத்தனை எட்டோ அத்தனை பங்கு விலை. மாடி வீடு என்றால் ஒன்றரை மடங்கு. நாய் இருந்தால் ஐந்து எட்டு கூடுதல். வந்து நோட்டில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். டிக் போடாத எதுவும் அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் நடக்கவே இல்லை.

“டேப் வச்சு அளந்தா என்னப்பா?” என்றேன்.

“டேப்புக்குக் கண்ணு இருக்காம்மா?”

இருப்பதாகப் பாடத்தில் படித்த நினைவில்லை.

ஆகஸ்ட் 9

இன்று போனில் ஒரு முழு வாக்கியம் தடுமாறாமல் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் ராங் நம்பர்.

ஆகஸ்ட் 14

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கூப்பிட்டார். நேற்று அப்பா போய் எட்டு வைத்து விலை சொன்ன வீடு.

“போன வருஷம் அம்பத்தெட்டு எட்டு. இப்போ அறுபத்தேழுங்கிறார் உங்க அப்பா. என் வீடு வளர்ந்துடுச்சா?”

“பார்த்து... சொல்றேன் மேடம்” என்றேன். வகுப்பில் எழுந்து நின்றது போலவே வியர்த்தது.

என்னை ‘டிகிரி’ என்றே கூப்பிடும் சித்தப்பாவிடம் சொன்னேன். “பழைய வீடுல்ல டிகிரி, இப்பத்தான் உடம்பு தேறியிருக்கும்” என்றார்.

ஆகஸ்ட் 15

நோட்டைப் புரட்டினேன். அவர் வீடு மட்டுமில்லை. மருந்துக்கடைக்காரர் வீடு ஆறு எட்டு, பல் டாக்டர் வீடு எட்டு எட்டு வளர்ந்திருக்கின்றன. ஊரில் வீடுகள் ஆளுக்கொரு பக்கம் சதை போட்டுக்கொண்டிருக்கின்றன.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பா ஏமாற்றுகிறார் என்று. ச்சே. எழுதிவிட்டேன், இனி அடிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 17

டேப்போடு தலைமையாசிரியை வீட்டுக்குப் போனேன். நாற்பத்து நாலு மீட்டர். அவர் வைத்திருந்த பழைய வரைபடத்திலும் நாற்பத்து நாலு. வீடு வளரவில்லை. வகுத்துப் பார்த்தேன்: போன வருடம் ஒரு எட்டுக்கு முக்கால் மீட்டர். இந்த வருடத்து எட்டு அதைவிட நாலைந்து விரல் குறைவு.

பட்டதாரி மூளைக்கு இவ்வளவு நேரம் பிடித்தது. சாயங்காலம் அப்பா வேனிலிருந்து இறங்கி வாசல் வரை வருவதைச் சும்மா நின்று பார்த்தேன். இடது கால் முன்னால் போகிறது. வலது கால் அதன் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. தாண்டிப் போவதில்லை.

சித்தப்பாவைப் பிடித்து உலுக்கினேன். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். “முட்டி, ரொம்ப நாளா. ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வச்சுத்தான் இறங்குறாரு. உங்கிட்ட சொன்னா என்னை ஏணியில ஏத்திடுவேன்னு மிரட்டினாரு. எனக்குத் தலை சுத்தும்ல?”

ஏணி நிறுவனத்தின் மொத்த ஆள்பலம் இது.

ஆகஸ்ட் 20

கருவிக் கடைக்குப் போனேன். தரையில் நின்றபடியே நீளக் குழாயை மேலே நீட்டி, இலையை உறிஞ்சி எடுக்கும் மெஷின் இருக்கிறது. குழாய் நுனியில் கேமரா, கீழே சின்னத் திரை. விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை வந்துவிட்டேன். அப்புறம் திரும்பிப் போய், வாடகைக்கு உண்டா என்று கேட்டேன். உண்டு, நாள் கணக்கில்.

அப்பாவிடம் சொன்னேன். “தரையில நின்னு பண்ணினா எவன் காசு குடுப்பான்? நாம மேல நிக்கறதைப் பார்த்துப் பயந்துதான் குடுக்கறாங்க.”

“எனக்கும் பயமா இருக்குப்பா.”

“உன் காலேஜு மூணு வருஷமும் இதே ஏணியில ஏறித்தாம்மா வந்துச்சு.”

வாடகைக் கடையின் சீட்டை இந்த நோட்டுக்குள் செருகி வைத்தேன்.

ஆகஸ்ட் 21

இன்றும் ஏறினார். இரண்டு மாடி.

ஆகஸ்ட் 24

தலைமையாசிரியைக்கு நானே போன் செய்தேன். வீடு வளரவில்லை, பழைய விலைதான், மன்னிக்கவும் என்றேன். பிறகு, எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, “ஒரே ஒரு பொய் சொல்ல முடியுமா மேடம்?” என்று கேட்டேன். முப்பது வருடம் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவர்.

“என்ன பொய்?”

“சுவரோரம் பூச்செடி வச்சிருக்கேன், ஏணி போடக்கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லணும்.”

“பொய் எதுக்கு? நாளைக்கே நட்டுடறேன்” என்றார்.

ஆகஸ்ட் 27

நோட்டின் பின்பக்கம் திறந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பென்சில் டிக்.

ஒவ்வொன்றுக்கும். ஏமாற்றுகிறார் என்று எழுதிய இடத்திலும். பூச்செடிச் சதிக்கும். பதினான்காம் தேதியில் மட்டும் ‘அம்பத்தெட்டு’ என்பதை அடித்து ‘59’ என்று திருத்தியிருக்கிறார்.

நாளை மறுநாள் தலைமையாசிரியை வீடு. அப்பா எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் தெரியாதவள் போலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 29

காலையில் வேனில் ஏணி இல்லை. மெஷின் இருந்தது. வாடகைக் கடைக்கு அப்பாவே போய் வந்திருக்கிறார். சித்தப்பாவுக்குப் பிடிக்க எதுவும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரோரம் ஆறு செடிகள், ஒன்றில்கூடப் பூ இல்லை.

குழாயை நான் பிடித்தேன். அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்தார். “இடது... இன்னும் இடது... ஒரு இலையை விட்டுட்ட பாரு.” விட்ட இலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். மூன்று முறை. டேப்புக்கு இல்லாத கண் கேமராவுக்கு இருக்கிறதாம்.

அப்பா, இதையும் படிப்பீர்கள் என்று தெரியும். அதனால் வாயில் வராததை இங்கே எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முட்டி டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நானும் கூட வருகிறேன். பேச வேண்டியதையும் நானே பேசுகிறேன். இப்போது கொஞ்சம் வருகிறது.

டிக் மட்டும் போடுங்கள்.