நெற்றியைச் சுருக்காதே, கயல்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே மொட்டைமாடித் தரை சுட்டது. துணி உலர்த்திவிட்டு இறங்குவதற்குள் முகம் முழுக்க உப்பு.

கயலை ஸ்கூலில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பார்லர். புருவம் மட்டும். நூலைப் பல்லில் கடித்தபடியே அந்தப் பெண் கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, உங்களுக்கு முப்பத்தெட்டு இருக்குமா?"

முப்பத்தொன்று. ஆனால் "இருக்கும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பொழிச்சலூரில் வீடு வரும்வரை யோசனை.

"இங்க பாருங்க, ரெண்டு புருவத்துக்கும் நடுவுல. நம்பர் பதினொண்ணு மாதிரி" என்று கண்ணாடியை நீட்டியிருந்தாள் பார்லர் பெண்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம். பதினொன்று. யாரோ வந்து எழுதிவிட்டுப் போனது போல.

ஜூன் 10, செவ்வாய்

சாம்பார் கொதிக்கும்போது ஃபோனில் ஒரு வீடியோ. தோலைச் சீக்கிரம் முதுமையாக்கும் பழக்கங்கள். என்னிடம் இருப்பவை:

குடை, தொப்பி ஒன்றும் இல்லாமல் உச்சி வெயிலில் ஸ்கூட்டர். தினமும், கயலைக் கூட்டிவர.

தண்ணீர் குடிக்க மறப்பது. டீ மறப்பதில்லை.

பாத்திரம் தேய்த்த ஈரக் கையாலேயே முகத்தைத் துடைப்பது.

கண்ணைக் கசக்குவது.

ஒரே பக்கமாகப் படுப்பது. என் முடியைப் பிடித்துக்கொண்டுதான் கயல் தூங்குவாள். நான் திரும்பினால் விழித்துக்கொள்வாள். ஐந்து வருடமாக இடது கன்னம் தலையணையில். அந்தப் பக்கம்தான் கோடு அதிகம்.

நெற்றியைச் சுருக்கிப் பார்ப்பது. கிரீம் டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்தாக வேண்டும் எனக்கு. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் மிஞ்சியது அதுதான்.

இல்லாதது: சிகரெட்.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் காற்று. கொடியில் காய்ந்த நைட்டியை மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். ஏர்போர்ட் பக்கம் என்பதால் எங்கள் தெருவில் விமானம் வருவதற்கு முன் அதன் நிழல் வரும். தண்ணீர் டேங்க்கைத் தொட்டு, கோலத்தைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரில் ஏறிப் போய்விடும். மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் எப்படித் தெரிவேன்? மஞ்சள் துணியோடு ஒரு புள்ளி. புள்ளிக்கு வயதில்லை.

இரண்டு வயதிலிருந்து கயல் எல்லா விமானத்துக்கும் கையாட்டுவாள். இன்றும் ஆட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். அண்ணாந்த அந்தச் சின்ன நெற்றியில் அச்சு அசலாக அதே பதினொன்று.

மாடி போர்ஷன் ஜெஸ்ஸி அக்காவும் பார்த்துவிட்டார். முப்பது வருடம் டீச்சராக இருந்தவர், ஒன்றும் தப்பாது.

"உன்ன அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கா பாரு. அந்த மொறைப்பு கூட!"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நிறம், என் பல், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இதை வேண்டாம். ஐந்து வயதில் வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

மெடிக்கல் ஷாப்பில் பேப்பர் டேப் வாங்கினேன். தூங்கும்போது புருவத்துக்கு நடுவில் ஒட்டிக்கொண்டால் சுருக்கம் விழாதாம். அதுவும் வீடியோவில் சொன்னதுதான்.

மத்தியானம் படுக்கும் முன் ஒட்டினேன். கயல் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்லடா. கோடு வராம இருக்க."

"லெவன் மாதிரி இருக்குமே, அதுவா? எனக்கும் ஒட்டு."

ஒட்டினேன்.

ஃபேன் காற்று. ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. அரைத் தூக்கத்தில் ஒரு கனவு. என் முகம் கொடியில் காய்கிறது, யாரோ தண்ணீர் தெளித்துத் தெளித்து இஸ்திரி போடுகிறார்கள். சூடே இல்லை. சுகமாக இருந்தது.

விழித்தால் வாசலில் கயலின் அப்பா சுரேஷ்.

"என்னடி இது, ரெண்டு பேரையும் டேப் போட்டு வச்சிருக்கு? யாருக்குக் கூரியர்?"

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கொழந்தைக்கு எதுக்கு?" என்றார்.

"இப்பவே பழகட்டும்" என்றேன்.

ஜூன் 18, புதன்

நேற்றும் முந்தாநாளும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. டிவி முன்னால், "சுருக்காதே." பஸ் போர்டைப் பார்க்கும்போது, "கயல், நெத்தி." மாடியில், "சுருக்காதடி, சொல்றேன்ல."

இன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. நெற்றி வெண்ணெய் போல இருக்கிறது. மூன்றே நாளில் விட்டுவிட்டாள்! நான் சொன்னதை இந்த வீட்டில் ஒருத்தியாவது கேட்கிறாள்.

சாயங்காலம் விமானம் வந்தது.

"கயல், ப்ளேன்!"

"ம்" என்றாள். தரையில் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், கையை மட்டும் ஆட்டினாள். வளர்ந்துகொண்டிருக்கிறாள் போல. அவளுக்குப் பதிலாக நான் ஆட்டினேன். நிழல் போனபின்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

ஸ்கூலிலிருந்து ஃபோன், வரச் சொல்லி. போனேன். மிஸ் நோட்டை விரித்துக் காட்டினார். போன வாரம் முழுக்கப் பக்கங்கள் காலி. தேதி மட்டும், அதுவும் கோணல்.

"போர்ட்ல எழுதறத எழுதவே மாட்டேங்கறா மேடம். முன்னாடி நல்லா எழுதினா. ஏன்னு கேட்டா ஒண்ணு சொல்றா, நீங்களே கேளுங்க. கயல், மிஸ் கிட்ட சொன்னியே, அம்மா கிட்ட சொல்லு."

கயல் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுருக்குனாதான் தெரியும் மிஸ். சுருக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் காலிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிக்னலில் ஸ்கூட்டர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு:

"கோவமாம்மா?"

"இல்லடா."

"அப்ப நீ மட்டும் ஏன் சுருக்கற?"

ஜூன் 24, செவ்வாய்

தாம்பரத்தில் கண் டாக்டர். சுரேஷும் லீவு போட்டுவிட்டு வந்தார். எதிர்ச் சுவரில் எழுத்துகள். உயரமான நாற்காலியில் கயல், கால் தரையில் படாமல், நெற்றியை மழமழவென்று வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி:

"அம்மா, இங்க சுருக்கலாமா?"

"சுருக்கு கண்ணு" என்றேன்.

இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. "ரொம்ப நாளாவே இருந்திருக்கும்மா. சுருக்கிச் சுருக்கித்தான் சமாளிச்சிருக்கா" என்றார் டாக்டர். எப்படி வந்தது, ஏறுமா, குறையுமா என்று நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில். எதுவும் காதில் ஏறவில்லை. அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். அதன் மேல் நான் டேப் ஒட்டியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் சுரேஷ் கயலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

டேப்பைக் குப்பையில் போட்டாயிற்று.

ஜூன் 27, வெள்ளி

மழை வருமோ என்று மூன்று மணிக்கே இருட்டி, வராமல் போய்விட்டது. கண்ணாடி ரெடி. நீல ஃபிரேம், பின்னால் எலாஸ்டிக். கடையிலிருந்து வீடு வரும்வரை அவள் தலை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

மாடிக்குப் போனோம். பக்கத்து வீட்டுத் தென்னையை வெகுநேரம் பார்த்தாள்.

"ஓலை தனித்தனியா இருக்கும்மா."

ஜெஸ்ஸி அக்கா ஊறுகாய் ஜாடியை எடுக்க வந்தவர், "வாங்க டீச்சரம்மா! நோட்டெல்லாம் திருத்தியாச்சா?" என்றார். கயல் சிரிக்கவில்லை. வேலையாக இருந்தாள்.

நிழல் வந்தது. டேங்க், கோலம், சுவர். பிறகு சத்தம்.

"அம்மா! ஜன்னல்! ப்ளேன்ல ஜன்னல் இருக்கு! நெறைய!"

கை இரண்டையும் ஆட்டினாள். மூன்று வருடமாக அவள் கையாட்டியது ஒரு சத்தத்துக்கு. எனக்கு இன்றுதான் தெரியும்.

சத்தம் அடங்கியதும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கொடியோரம், அவள் படிக்கட்டுப் பக்கம். சாயங்கால வெயில் நேராக என் முகத்தில். திரும்பிக்கொள்ளலாமா என்று இருந்தது. திரும்பவில்லை.

"அம்மா, அசையாத! இங்கேர்ந்தே உன் லெவன் தெரியுது!"

நாலடி பின்னால் போனேன். "இப்போ?"

"தெரியுது!"

டேங்க் வரைக்கும் போனேன். "இப்போ?"

கயல் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுப் பார்த்தாள். முடிந்த மட்டும் நெற்றியைச் சுருக்கிக் காட்டினேன்.

"தெரியுதும்மா!"