பதினாறரை கேன் தண்ணீர்

குடவாசல்,
ஏப்ரல் 19.

அன்புள்ள ஆஸிமுக்கு,

ஜோஸ்வா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று உன் அத்தா சொன்னார். அதனால் அதை விசாரிக்க ஒரு வரி செலவழிக்கவில்லை. போனில் என் நம்பரை நீ பிளாக் செய்து ஐம்பது நாள் ஆகிறது. உன் சித்தப்பா மகன் தௌபீக் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் பெட்டியில் இந்தத் தாளை வைக்கிறேன். தாளை பிளாக் செய்ய முடியாது, கிழிக்கலாம். கிழிப்பதாக இருந்தால் அடுத்த வரியைப் படித்துவிட்டுக் கிழி.

நம் வண்டியின் நாலு சக்கரத்திலும் தண்ணீர் இருந்தது.

பழைய ஜீப்பின் அச்சு, குட்டியானை வண்டியின் கூடு, டிராக்டரின் பின் சக்கரம் நாலு என்று சேர்த்து, ஒன்றரை வருடம் உன் அத்தா பட்டறையில் மேடு தாண்டிக் குதிக்க நாம் கட்டிய மான்ஸ்டர் டிரக், பிப்ரவரியில் செங்கல் சூளை மேட்டில் ஏன் சினை எருமை போல நகர்ந்தது என்பதற்கு இதுதான் விடை. போன திங்கட்கிழமை கிரீஸ் வைக்க இடது முன் சக்கரத்தைக் கழற்றினேன். காற்றை இறக்கலாம் என்று வால்வைத் திருகினால், முகத்தில் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மூன்று தடவை குளித்தும் ரப்பர் நாற்றம் போகவில்லை. நாலு சக்கரத்தையும் வடித்து, நாற்பது லிட்டர் கேனில் அளந்தேன். பதினாறரை கேன். கூட்டிப் பார், அறுநூற்று அறுபது கிலோ. அவ்வளவு கனத்தைக் காலில் கட்டிக்கொண்டு பறக்கச் சொன்னோம் அதை.

சக்கரத்தை விற்ற ஒரத்தநாட்டு ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் சிரிக்கிறார். "கரும்பு லோடு அடிச்ச டிராக்டரு தம்பி. பிடிமானத்துக்கு டயர்ல தண்ணி அடைக்காம எவன் கரும்பு இழுப்பான்? இது கேட்டா சொல்ற விஷயமா?" என்கிறார். நியாயம்தான். இந்தப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவருக்குக்கூட அது தெரியும். நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் அதைப் பற்றிப் பத்து மார்க்குக்கு எழுதி, ஒன்பது வாங்கியிருக்கிறேன். எழுதினேனே தவிர, டயரைத் தட்டிப் பார்க்கவில்லை.

நீ சொன்னாய். சூளை மேட்டில் வண்டி உருண்டபோது, "உள்ள யாரோ பால் கறக்குற மாதிரி சத்தம் கேக்குதுடா" என்றாய். டீசல் டேங்க் என்றேன். மேட்டிலிருந்து இறங்கும்போது சக்கரம் அந்தரத்தில் தொங்கி, ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடது பிராக்கெட் பிய்ந்து வந்தது. பட்டறைக்கு வந்ததும், உன் வெல்டு விட்டுவிட்டது என்றேன். "வெல்டு விடல, கீழேர்ந்து எதுவோ இழுக்குது, பிரிச்சுப் பாப்போம்" என்றாய். அதற்கு நான், "வெல்டு பிடிக்கிறவன் கணக்குப் பேசாத" என்றேன். பட்டறையில் பத்துப் பேர் நின்றார்கள். நீ வெல்டிங் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். மூன்றாம் வாரம் மஸ்கட்.

இது தகவல். மன்னிப்புக் கடிதம் எழுத எனக்கு வராது, உனக்கும் படிக்க வராது.

மற்றபடி: பிராக்கெட்டை இந்த முறை பத்து எம்.எம். தகட்டில் வெட்டியிருக்கிறேன். முதலிலேயே பத்து போடச் சொன்னவன் நீ. ஆறு போதும் என்றது நான். வெல்டு நானே வைத்தேன். உன் அத்தா பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கோழி எச்சம் போட்டுருக்கா?" என்றார். வலது பக்கம் நீ போட்டது அப்படியே இருக்கிறது, தொடவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு அவர் செய்த ஒரே காரியம், அத்தனை கேனையும் முருங்கைக்கு ஊற்றச் சொன்னது.

மே 25, ஞாயிறு மாலை, தங்கையன் அண்ணன் வயலில் வண்டியைக் காட்டப் போகிறேன். ஜூனில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் வண்டி விட வயல் கிடையாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மறுபடி பிய்ந்தால் ஊரே பார்க்கும். பார்க்கட்டும்.

அம்மா உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உன் பெயரையும் சொல்கிறார்களாம். வெயிலில் வேலை என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் நிறையக் குடி. உன் உடம்புக்குத் தண்ணீர் தேவை, டயருக்குத்தான் தேவையில்லை.

இப்படிக்கு,
ஜோஸ்வா


குடவாசல்,
ஜூன் 1.

அன்புள்ள ஆஸிமுக்கு,

ஜோஸ்வா. நலம். கை மட்டும் கொப்புளம். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், கீழே சொல்கிறேன்.

வண்டி பறந்தது.

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். உன் அத்தா ஆரம்பத்திலிருந்து கடைசி வரை போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். வீடியோ எடுக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் எனக்கும் அனுப்புங்கள் என்று போனை வாங்கினால், வீடியோவே இல்லை, மஸ்கட்டுக்கு நாற்பத்தொரு நிமிடம் வீடியோ கால் போயிருக்கிறது. ஆனால் அவர் கட்டைவிரல் பாதி கேமராவை மறைத்திருந்ததை அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நீ பார்த்தது பாதி வானமும் பாதி விரலும்தான். மீதியை நான் எழுதுகிறேன்.

முதலில் காற்று. மே மாதம் முதல் வாரம் உன் அத்தா என்னிடம் வந்து, "அவன் போன் பண்ணான். உன்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. டயர்ல காத்து எத்தன பவுண்டுன்னு மட்டும் கேட்டான். இருபதுன்னேன். பத்துக்கு எறக்கச் சொல்லுங்க, அந்தக் கழுதைக்கு அதுவும் தெரியாதுன்னுட்டு வச்சிட்டான்" என்றார். கழுதை என்று நீ சொன்னது தெரிந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பத்துக்கு இறக்கினேன். நீ சொன்னது சரி. இருபதில் செங்கல் போலக் குதித்த டயர், பத்தில் இட்லி போல அமர்ந்து எழுந்தது.

வயலுக்கு வருகிறேன். தங்கையன் அண்ணனைப் பற்றித் தெரியுமே. மூன்று ஏக்கரையும் தருகிறேன் என்றார், ஒரே நிபந்தனை: "வரப்புல ஏத்துனா நீதான் வெட்டிக் கட்டணும். கூலிக்கு ஆள் வுட்டா ஒத்துக்க மாட்டேன்." ஏற்றாமல் எப்படி? ஏழு இடத்தில் ஏற்றினேன். நாலு நாளாக மண்வெட்டியோடு வரப்பு கட்டுகிறேன். அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்ஜினியரு கட்டுன வரப்பு, தண்ணி வுட்டா கணக்குப் பாத்துதான் ஒடையும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கொப்புளம் அதனால்தான்.

கூட்டம் நான் நினைத்ததைப் போல ஐந்து மடங்கு. தங்கையன் அண்ணன் மகள் கயல்விழி ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள் அல்லவா, அவள் வகுப்பையே இரண்டு வேனில் இறக்கிவிட்டாள். மைக்கும் அவள் கையில்தான். கயிறு கட்டி எல்லோரையும் அறுபது அடி தள்ளி நிறுத்தியிருந்தேன். உன் அத்தா மட்டும் கயிற்றுக்கு உள்ளே நின்றார். வெளியே போங்கள் என்றால், "எம் பட்டறைல பொறந்த வண்டி, என்னையே தள்ளி நிக்கச் சொல்றியா?" என்கிறார். கயல்விழி மைக்கிலேயே, "பக்கீர் பாய், வண்டி வந்தா மாட்டாஸ்பத்திரிலதான் தையல் போடணும், பரவால்லயா?" என்று கேட்டபிறகுதான் நகர்ந்தார்.

இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஓட்டைக் கார்கள்மேல் முதலில் ஏற்றினேன். அப்பளம். அதற்கே விசில் நிற்கவில்லை. ஆனால் அதற்காகவா ஒன்றரை வருடம்? வயலின் மேற்குக் கடைசியில் வாய்க்கால் இருக்கிறதே, தூர் வாரிய மண்ணை இந்தக் கரையில் மலை போலக் குவித்திருந்தார்கள். அதைச் சரித்து, மிதித்து, சாய்தளமாக ஆக்கியிருந்தேன். வாய்க்கால் பத்தடி அகலம், உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. அதைத் தாண்டுவது என்று தீர்மானம்.

பெல்ட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டேன். இரண்டாம் கியர், முழு ஆக்ஸிலேட்டர். மண் மேட்டின் விளிம்பு வந்ததும் முன்னால் வயல் காணாமல் போனது. அப்புறம் ஒரு நொடி எந்தச் சத்தமும் இல்லை. நாலு சக்கரமும் கீழே தொங்குகிறது. பிப்ரவரியில் இதே நொடியில்தான் பிராக்கெட் பிய்ந்தது. ஒரு உண்மை சொல்கிறேன்: அந்த நொடியில் என் கணக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வலது பக்கம் நீ போட்ட வெல்டு இருக்கிறது, அது நிற்கும் என்பது மட்டும்தான் ஓடியது.

இறங்கினேன். டயர் அமுங்கியது, வண்டி இன்னொரு தடவை எழும்பியது, நேராகப் போய் நின்றது. விளிம்பிலிருந்து இறங்கிய தடம் வரை டேப் வைத்து அளந்தேன், பதினேழு அடி. வாய்க்காலைத் தாண்டி ஏழு அடி மிச்சம்! சத்தம் எப்படி இருந்தது என்றால், தேர்ப் பக்கத்தில் நிற்பது போல. நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் உன் அத்தா வாய்க்காலில் இறங்கி ஏறி, வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அங்கிருந்தே கத்துகிறார்: "எம் மவன் வெல்டு நிக்குது! உன்னுதும் நிக்குது, ஆனா பாக்கத்தான் சகிக்கல!"

அப்புறம் கயல்விழி மைக்கை என்னிடம் நீட்டி, இதைக் கட்டியது யார் என்று சொல்லச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்பதை நீ போனில் கேட்டிருப்பாய். கேமராவை மறைத்த விரல் காதை மறைத்திருக்காது. தகடு ஆறு எம்.எம். என்று தப்பாக எடுத்தது நான், டயரில் தண்ணீர் இருந்தது தெரியாமல் விட்டது நான், சரியாகச் சொன்னவன் ஆஸிம், அவனை இதே ஊர் ஆட்கள் பத்துப் பேர் முன்னால் பேசக் கூடாததைப் பேசினேன் என்றேன். அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் அங்கே இருந்தார்கள், எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். "அப்ப இன்ஜினியர் சார் பெயிலு, வெல்டரு பாஸா?" என்று அவள் கேட்டாள். ஆமா என்றேன். அதற்கு அடித்த விசில், வாய்க்காலைத் தாண்டியதற்கு அடித்ததைவிட அதிகம். எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். இருந்தாலும் பரவாயில்லை.

போனில் உனக்குக் காட்ட முடியாத ஒரு பொருளை இத்துடன் அனுப்புகிறேன். பிப்ரவரியில் பிய்ந்த துண்டு. குப்பையில் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன், பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார். தகடுதான் காகிதம் போலக் கிழிந்திருக்கிறது. அதன் ஓரத்தில் உன் வெல்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு முடி அளவுகூட விரியவில்லை. அன்றைக்கே குனிந்து எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. நான் குனியவில்லை.

உன் அம்மா உனக்கு அனுப்பும் பார்சலிலேயே அதையும் வைத்தேன். கூரியர் கடையில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். மசாலா, நெய், இரும்பு என்றேன். இரும்பு எதற்கு என்றார்கள். என்ன சொல்வது? உதிரி பாகம் என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மசாலா வைக்கிற இடத்தில் இரும்பா என்று உன் அம்மாவுக்கு என்மேல் கோபம். துண்டில் மிளகாய்த்தூள் வாசனை வந்தால் துடைத்துக்கொள்.

அடுத்த கோடைக்கு இப்போதே கேட்கிறார்கள். தரங்கம்பாடிக் கடற்கரையில் மணலில் விட முடியுமா என்று கேட்டு ஒருவர் வந்துபோனார். மணலுக்குக் காற்று எத்தனை பவுண்டு என்று எனக்குத் தெரியாது. கணக்குப் போட்டால் வரும், ஆனால் நான் போட மாட்டேன்.

வண்டி முழுக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்தாயிற்று. இடது பிராக்கெட்டில் என் கோழி எச்சத்துக்கு மட்டும் அடிக்கவில்லை. துரு ஏறாமல் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன், வாரம் ஒரு முறை தடவுகிறேன். உன் லீவு பிப்ரவரியில் என்று அத்தா சொன்னார். பட்டறைக் கிரைண்டருக்குப் புதுக் கல் வாங்கி வைத்தாயிற்று. உன் ஹெல்மெட் அதே ஆணியில்தான் இருக்கிறது. நேற்று ஒருத்தன் எடுத்து மாட்டிப் பார்த்தான், கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டினேன்.

அம்மா உன்னைக் கர்த்தர் காக்கட்டும் என்று எழுதச் சொன்னார்கள். என் பங்குக்கு: பத்திரமாக இரு. வந்து என் கோழி எச்சத்தைச் சுரண்டிவிட்டு, உன் கையால் ஒரு வெல்டு வைத்துக் கொடு.

உன்,
ஜோஸ்வா