பல்லியைக் கையில் எடுத்த வாரம்

நவம்பர் 3, திங்கள்
காலையிலிருந்து மழை. என் எழுத்து வரியில் நிற்பதில்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. இதைப் படிக்கப் போவது நான் ஒருவன்தான். அந்த ஒருவன் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்திரண்டு வயதில் படிக்கக் கற்றவன். ஆனாலும் என்ன சந்தோஷம். நேற்று தேக்கா சந்தையில் மீன்கடைப் பலகையை நானே படித்தேன், கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவு சத்தமாக.

வாங்க: அரிசி, பிஸ்கட், ரப்பர் (நிறைய அழிக்கிறேன்).

மதியம் சோமுவின் தோளில் பல்லி விழுந்தது. வாடகை வீட்டில் என்னோடு ஒரே அறையில் இருப்பவர். சிங்கப்பூர் வந்த நாளிலிருந்து ஜூரோங் கப்பல் பட்டறையில் உழைத்த ஆள், பல்லிக்கு மட்டும் பயம். "காலண்டர்ல பலன் என்னன்னு படிய்யா." பெருமையாக எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். நல்லதாக ஒன்றும் இல்லை. படித்திருக்க வேண்டாம்.

"நாளைக்குள்ள அது போகணும். இல்ல, துடைப்பம்தான்."

டியூப்லைட் பின்னால் குடியிருக்கும் பல்லி அது. வெளிச்சத்தில் வயிறு கண்ணாடி போல் தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்
மேகம். சோ. (முழுப் பெயர் எழுதினால் கை வலி) கடைக்குப் போயிருந்தார். கீழே செடியில் விட்டுவிட்டால் துடைப்பத்துக்குத் தப்பும் என்று நினைத்தேன். சுவரில் இறங்கியபோது முட்டையைப் பிடிப்பது போல்தான் பிடித்தேன். திமிறியது. முதுகுத் தோல் என் விரலோடு வந்துவிட்டது, ஈரக் காகிதம் மாதிரி. அடியில் இளஞ்சிவப்புச் சதை. வால் தரையில் தனியாகத் துள்ளியது.

அழுத்தவே இல்லை.

மேல் மாடி ரேவதி விலங்கு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். கூப்பிட்டேன்.

"நீங்க மெதுவாத்தான் பிடிச்சிருப்பீங்க அங்கிள். இந்தப் பல்லிக்குத் தோல் அப்படித்தான் லா. யாராவது பிடிச்சா தோலை விட்டுட்டு ஓடும்."

"ஒட்ட வைக்க முடியாதா?"

"முடியாது. மஞ்சள் கிஞ்சள் எதுவும் போட்டுடாதீங்க."

"உங்க கிளினிக்ல?"

"அங்கயும் கையிலதானே பிடிக்கணும்?"

வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைக்குமாம். அதுவும் போயிற்று. அட்டையால் மெல்லத் தள்ளி ஐஸ்கிரீம் டப்பாவில் விட்டாள். ஈரத்துணி, மூடியில் துளை. இருட்டில் வைக்கணும், தொடக்கூடாது என்றாள். பிழைக்குமா என்று கேட்டேன். லிப்ட் வந்துவிட்டது என்று போய்விட்டாள்.

நவம்பர் 6, வியாழன்
வெயில். நேற்று எழுதவில்லை. எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்புக்கும் போகவில்லை. டப்பாவில் போட்ட பூச்சி அப்படியே கிடக்கிறது. விலா மட்டும் ஏறி இறங்குகிறது.

சோ. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார். வாயைக் குறைக்கவில்லை.

"நான் துடைப்பத்தால விரட்டியிருந்தா ஓடியிருக்கும்யா. நீ பாசமா பிடிச்ச பாரு."

அவர் சொன்னது சரி.

நவம்பர் 8, சனி
மழை வரும் போல. பல்லி மூலையில், கண் திறந்தபடி. அதற்கு இமை கிடையாதாம், கண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விலா அசைவது தெரியவில்லை. என் கண்ணாடியும் பழசு.

சோ. குனிந்து பார்த்தார். "ஒரு விரலால தொட்டுப் பாருய்யா, தெரிஞ்சிடும்."

கை டப்பாவுக்குள் போய்விட்டது. தொடாமல் இழுத்துக்கொண்டேன். உயிர் இருந்தால் மிச்சத் தோலும் என்னோடு வரும்.

மூடியைப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் எழுதுகிறேன். எறும்பு வந்திருந்தால் அதையும்.