அண்ணன் இழுத்த வயர்

ஜூன் 7, சனி

காலையில் தூறல். ஒன்பதுக்கு நின்றது. மெர்சிங்கிலிருந்து அண்ணன் வந்தாயிற்று. க்ளுவாங்கில் பஸ் மாறி, தோளில் சுருட்டிய வயர், கையில் ஐஸ் பெட்டி, உள்ளே தெங்கிரி மீன்.

வேலை: வாசலுக்குக் கேமரா. பின் வரிசையில் இரண்டு வீட்டில் திருட்டு. வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கியது, மூன்று வாரமாகப் பெட்டியிலேயே. வயர் ரகம், வைஃபை இல்லை. எதை எங்கே சொருகுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் தீவுகளில் சுற்றுலா விடுதிகளுக்கு வயரிங் செய்கிறவர். கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

"ஒரே வயர்ல லைனும் போகும், கரண்டும் போகும் தங்கச்சி. நடுவுல இந்தக் குட்டிப் பெட்டிய மாட்டணும், அவ்ளோதான்லா."

ரவுட்டர் ஹாலில், டிவி பக்கத்தில். அங்கிருந்து ஏர்கோன் குழாய் ஓட்டை வழியாகக் கார் போர்ச்சுக்கு. சீலிங்கில் ஏறி இறங்கினார், ஐம்பத்தெட்டு வயதில். வெளியே வரும் இடத்தில் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டார். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடுமாம், ஓட்டைக்குள் ஏறாதாம். பிறகு சிலிக்கான்.

எல்லாம் மாட்டியும் ஃபோனில் கேமரா வரவில்லை. ஒரு மணி நேரம் வயரைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி. கடைசியில் பார்த்தால் என் ஃபோன் டேட்டாவில் இருக்கிறது, வீட்டு லைனில் இல்லை. முதல்முறை சேர்க்கும்போது மட்டும் வீட்டு லைன் வேண்டுமாம். "அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை.

தூரத்திலிருந்தும் தெரிகிறதா என்று பார்க்க, தன் ஃபோனிலும் ஏற்றிக்கொண்டு முனைக்கடை வரை நடந்தார். அங்கிருந்து, "தெரியுது, தெரியுது! நீ நைட்டியோட நிக்கற!" தெருவே கேட்டிருக்கும். எனக்கு எரிச்சல்.

சாப்பிடும்போது கேட்டார். "கவிதாவுக்கு ஏதாச்சும் பேசுறாங்களா?"

"இன்னும் ஒண்ணும் அமையலண்ணே."

பொய். என் மகளுக்கு 22ஆம் தேதி பரிசம். தட்டுக்குப் பழம் வரை சொல்லியாயிற்று. வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. நான் அண்ணனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

வெயில். துணி சீக்கிரம் காய்ந்தது.

ஏன் இப்படிச் செய்தேன் என்று எனக்காவது எழுதி வைக்கிறேன். மூவார் மாப்பிள்ளை வீட்டார், இனி மூ.வீ. சோபா செய்யும் தொழிற்சாலை, இரண்டு கார். முதல் நாளே பையனின் அம்மா கேட்டார், "உங்க அப்பா என்ன செஞ்சாங்க?" நான், "தோட்டத்துல கிராணியா இருந்தாங்க." எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. கிராணிகள் கணக்கு எழுதும் ஆபீஸ் படியே அப்பா ஏறியதில்லை. பால்மரம் வெட்டியவர், ரப்பர் பால் எடுக்க. நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் பால் வடியும் மங்கு துடைத்தவர்கள்.

அண்ணன் வந்தால் பத்தாவது நிமிடம் இதைச் சொல்வார். அதுவும் பெருமையாக. எல்லா விசேஷத்திலும் சொல்கிறவர்.

அதனால் தாய்மாமன் இல்லாமல் பரிசம். முதல் தட்டை வாசலில் நின்று வாங்க வேண்டியவரே அவர்தான். மூ.வீ.யிடம் வீட்டுக்காரர் சொன்னது: அண்ணனுக்குத் தீவில் வேலை. கவிதாவிடம் நான் சொன்னது: மாமாவுக்கு லீவு இல்லை. நம்பிவிட்டாள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

செய்ய வேண்டியவை:
தாம்பாளம் 9 – கோயிலில் இரவல்
பந்தல் துணி, கயிறு
வெற்றிலை (வாடாதது!)
என் ரவிக்கை பிரிக்க வேண்டும், மூச்சு முட்டுகிறது
சேகருக்கு நினைவூட்ட

சேகர் என் பெரியம்மா மகன். செடெனாக்கில் வங்கியில் வேலை. மாமன் முறைக்கு அவனை நிற்கச் சொல்லியிருக்கிறேன். "அண்ணன் எங்க அக்கா?" என்றான். தீவு என்றேன். பொய் சொல்லச் சொல்லச் சுலபமாகிறது.

கேமரா நன்றாக ஓடுகிறது. இதுவரை பிடித்த திருடர்கள்: பூனை, தபால்காரர், நான்.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல காற்று. பத்தரைக்கு மூ.வீ. மூன்று காரில். எல்லாம் நன்றாகவே நடந்தது, எழுதக் கை வரவில்லை.

பதினொன்று பத்து. எல்லோரையும் படத்துக்கு நிறுத்திக்கொண்டிருந்தேன். ஃபோனில் அண்ணனின் மெசேஜ்.

"தங்கச்சி, பந்தல் துணி காத்துல கேமராவ மறைக்குது. வலது பக்கக் கயித்த இழுத்துக் கட்டச் சொல்லு."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அன்று சோதித்துப் பார்க்கக் கேமராவை அவர் ஃபோனில் ஏற்றியது அப்படியே இருந்திருக்கிறது. எடுக்கவில்லை. எனக்கு ஞாபகமே இல்லை. கார் வந்தது, தட்டு வந்தது, எல்லாம் பார்த்திருக்கிறார். முதல் தட்டைச் சேகர் வாங்கியது கேமராவுக்கு நேர் கீழே. அந்த இடத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்று அவனை நிறுத்தியதே நான்தான்.

"சம்பந்தி, வேர்க்குதே உங்களுக்கு, உக்காருங்க." பையனின் அம்மா. நல்ல மனுஷி. அதுவும் இன்று தாங்கவில்லை.

வெளியே போய் நானே கயிற்றை இழுத்துக் கட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டுச்சேலையோடு என் உச்சந்தலையைத்தான் பார்த்திருப்பார்.

ஜூன் 23, திங்கள்

பாத்திரம் திருப்பிக் கொடுத்தேன். மீந்த கேசரி அடுத்த வீட்டுக்கு.

வீட்டுக்காரர், "ஆப்ல இருந்து அவர் பேர எடுத்துரு. நிம்மதி." திறந்து பார்த்தேன். உரிமையாளர்: நான். விருந்தினர்: அண்ணன். பக்கத்தில் சிவப்பாக நீக்கும் பொத்தான். வயர் இழுத்தவர் விருந்தினர். கை போகவில்லை.

கவிதா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லவைத்தாள். அழவில்லை. "மொதல்ல மாமாகிட்ட பேசுங்க. அப்புறம் என்கிட்ட பேசலாம்."

ஜூன் 24, செவ்வாய்

பேசவில்லை. வெட்கம். தலைவலி என்று வேலைக்கு லீவு. கவிதா தானே சாதம் போட்டுக்கொண்டாள், என் தட்டைத் தொடவில்லை.

ஜூன் 25, புதன்

பிற்பகலில் பெருமழை. வயர் வழியாகச் சொட்டுகூட உள்ளே வரவில்லை.

அண்ணனுக்கு மூன்று முறை ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார். படகுத்துறையில் இருந்தார், எஞ்சின் சத்தம்.

"சாப்டியா?"

"அண்ணே..."

"மாப்ள நல்ல பையன்லா. எல்லாரும் உள்ள போனதும் அவன் மட்டும் நின்னு, வழியில கெடந்த செருப்பெல்லாம் ஓரமா அடுக்குனான். நீங்க யாரும் பாக்கல. நான் பாத்தேன்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மாமன் பாத்தாச்சு, போதும். ஒண்ணு மட்டும் சொல்லு. என் பல்லுனாலயா? சொல்லியிருந்தா கட்டிக்கிட்டு வந்திருப்பேனே."

அதற்கு மேல் பொய் வரவில்லை. பல்லும் இல்லை, ஒன்றும் இல்லை, அப்பாவைக் கிராணி என்று சொல்லிவிட்டேன், நீங்கள் வந்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன் என்றேன். அப்படியே, ஒரே மூச்சில்.



"அப்பாவையுமா?" என்றார்.

பிறகு பேசவில்லை. வைக்கவும் இல்லை. படகு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.