தார்ப்பாய்க்கு அடியில் பேசியவர்கள்

அன்பு மாமா,

போய்ச் சேர்ந்த இடத்திலாவது நன்றாகத் தூங்குகிறீர்களா? உங்கள் குறட்டை இல்லாத வீட்டில் எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

தொண்ணூற்றொன்றில் நமக்குக் கல்யாணமான புதிது. தண்டலத்தில் நம் வீட்டைத் தாண்டித்தான் உங்கள் லாரி பெங்களூருக்குப் போகும். வளைவில் ஹாரனை ஒரு தட்டு தட்டுவீர்கள். நான் பாதிச் சமையலில் வாசலுக்கு ஓடி வருவேன்.

அந்த வருஷந்தான் தூங்காமல் ஓட்டுவதற்கு மாத்திரை போட ஆரம்பித்தீர்கள். பிறகு வீட்டுக்கு வந்தும் தூங்கவில்லை, யாரோ பேசும் குரல் கேட்கிறது என்றீர்கள். "கூரை மேல ஆளு கீறான், சரோ. என்னை வெட்டத்தான் வந்துகிறான்" என்று ஓடுகளைப் பிரித்துப் போட்டீர்கள். ஊர் பைத்தியம் என்றது. சேரப்பணஞ்சேரியிலிருந்து அப்பா வந்து, "பெட்டியக் கட்டு, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார். நான் கட்டினேனா? உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். அப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

அங்கே டாக்டரம்மா, "மாத்திரை முதல்லயா, குரல் முதல்லயா?" என்று கேட்டார்.

"தேதியெல்லாம் தெரியாதும்மா. தக்காளி லோடு அடிக்கசொல்ல மாத்திரை. அப்பால சிமெண்ட் லோடு அடிக்கசொல்லதான் தார்ப்பாய்க்கு அடியில ஆளுங்கோ பேசினானுங்கோ" என்றீர்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தக்காளியையும் சிமெண்டையும் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். "மாத்திரையால வந்த மனக்கோளாறா இருக்கலாம். அதை நிறுத்தி, தூங்க வெச்சுப் பார்க்கணும். அப்புறமும் ரொம்ப நாள் குரல் கேட்டா வேற நோய். அதுவரைக்கும் முடிவா எழுதமாட்டேன்" என்றார்.

"அதுவரிக்கும் என் பொண்ணு காத்துக்கினே இருக்கணுமா?" என்றார் அப்பா.

உங்களை வார்டில் சேர்த்தார்கள். காத்திருந்தேன். நீங்கள் தூங்கினீர்கள், அப்படி ஒரு தூக்கம். உங்கள் குறட்டை தாங்காமல் அடுத்த கட்டில்காரர் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வாரங்கள் போகப் போகக் குரல்கள் குறைந்தன. ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டே, "கூரை மேல யாரும் இல்லபோல கீதே" என்றீர்கள். நான் அழுதுவிட்டேன். டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, மாத்திரையால் வந்ததுதான் என்று உறுதியாக எழுதினார். தலைதீபாவளிக்கு அப்பாவே வந்து உங்களை அழைத்துப் போனார்.

இப்போது வல்லம் வடகால் வயலெல்லாம் கம்பெனி. பக்கத்து வீட்டு செல்வியின் மகனுக்கு அங்கே நைட் ஷிப்ட், அதற்கு மேல் ஓ.டி. விழித்திருக்க எதையோ போட்டிருக்கிறான். சுவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்கிறான். "மாத்திரைன்னு சொன்னா வேலை பூடும்கா. ஆஸ்பத்திரியில ஜுரம்னு சொல்லிக்கிறேன்" என்கிறாள் செல்வி.

நம் கதையை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களைக் கேட்காமல் எல்லாரும் படிக்க எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு செல்வியோடும் அவள் மகனோடும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மாத்திரையை மறைக்க விடமாட்டேன், மாமா. செல்வி அழுதால், என் புருஷனும் இப்படித்தான் இருந்தார், தேறி வந்து கடைசிவரைக்கும் என்னோடு ஊர் கேட்கச் சண்டை போட்டார் என்று சொல்வேன்.

உங்கள் அத்தை மகள், உங்கள் பெண்டாட்டி,
சரோஜா