சிம்பல் இல்லாத இசைத்தட்டு

கிள்ளான்,
9.7.2024

அன்புள்ள தம்பி ரபீக்குக்கு,

நான் நலம். நீங்களும், புடவைக் கடையை உங்களுக்குப் பதில் தூக்கி நிறுத்தும் உங்கள் மகள் தமன்னாவும் நலமாக இருக்க வேண்டும். போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். தாளில் எழுதினால் பாதியில் துண்டிக்க முடியாது. அதனால் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நிதானமாகத் திருப்பிப் பார்ப்போமா? மாதத்தின் முதல் ஞாயிறு, நம் பாட்டுக் கூட்டம், பிரிக்பீல்ட்ஸ், அதே வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மாடி. ரவாங்கிலிருந்து தன் இசைத்தட்டு மெஷினைக் கைக்குழந்தை போல ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வாசு வந்திருந்தார். வழக்கம்போல நிர்வானா பேண்டு இல்லாவிட்டால் கிரஞ்ச் என்ற ராக் இசையின் பெயரே உலகத்துக்குத் தெரிந்திருக்காது என்றார். நான் சவுண்ட்கார்டன் என்றேன். நீங்கள், "டீச்சர், ஒங்க பேண்டு ஒடஞ்சதும் டிரம்மர் எங்க ஓடியாந்தாரு? எங்க பேர்ல் ஜாமுக்குத்தானே?" என்று பல வருடமாகச் சொல்லும் அதே நகைச்சுவையைச் சொன்னீர்கள். பல வருடமாகச் செய்வது போல நானும் சிரிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு, சுபாங் ஜெயாவில் நம் கிஷனின் இசைத்தட்டுக் கடையில் நீங்கள் வாங்கிய பேர்ல் ஜாம் இசைத்தட்டைப் போட்டோம். ஒரு பாட்டுக்கூட முடியவில்லை. "டிரம்ஸுல அந்தச் சிம்பல் தட்டுச் சத்தம் எங்கடா? கள்ளக் காப்பிய எங்கிட்டயே விக்கிறியா?" என்றீர்கள். "சீல் பிரிக்காமதானே குடுத்தேன், அண்ணே" என்றார் கிஷன். "சீல் ஒட்டவா ஒனக்குத் தெரியாது?" என்றீர்கள். அவர் ரசம் ஊற்றிய சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அந்தக் கடை அவருக்கு வெறும் வியாபாரம் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குச் சிம்பல் கேட்டது, தம்பி. வாசுவுக்கும் கேட்டது.

உங்கள் காதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தொண்ணூற்று மூன்றில் உங்கள் கேசட் கடைக்கு நான் முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா? பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கேசட்டை நீட்டினேன். சில நொடிகள் ஓடவிட்டு நிறுத்தினீர்கள். "இது காப்பிக்கு எடுத்த காப்பி, டீச்சர். சிம்பலக் கேளுங்க, மணல் கொட்டுற மாதிரி இருக்கு. ஒரிஜினல்ல சில்லறை கொட்டுற மாதிரி இருக்கும்" என்று சொல்லி ஒரிஜினலையும் போட்டுக் காட்டினீர்கள். சில்லறைதான். அன்றைக்குப் பிறகு எந்தப் பாட்டையும் நான் பழையபடி கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் சொன்னதால்தான் கிஷனுக்கு அவ்வளவு வலித்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அப்பளத்தை நொறுக்கியிருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

அன்புடன்,
புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்,
20.7.2024

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

ரபீக் எழுதுவது. கடிதம் கிடைத்தது. "பிழை திருத்தி அனுப்பியிருக்காங்களா வாப்பா?" என்று தமன்னா கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நீங்கள் சொன்னதால் மறுபடியும் சோதித்தேன். பரணில் இருந்த என் சொந்தக் கேசட்டை, நான் என் கையால் பிரித்த ஒரிஜினலைப் போட்டேன். அதிலும் சிம்பல் போய்விட்டது. பூஞ்சை பிடித்திருக்கும். சீடியைப் போட்டேன். ஸ்பீக்கர் பழசு, கீச்சுச் சத்தம் தரும் சின்னக் கூம்பு செத்திருக்க வேண்டும். புது ஸ்பீக்கர் வாங்கினேன். இப்போது வருவதெல்லாம் குப்பை, டீச்சர். எதிலும் மேல் சத்தமே இல்லை.

சாமான் மட்டும் இல்லை, ஊரே இப்படித்தான் ஆகிவிட்டது. எங்கள் தெரு சிக்னலில் பாதசாரிகளுக்கு அடிக்கும் டிக் டிக் பல மாதமாக ரிப்பேர், யாரும் கவனிப்பதில்லை. போன வாரம் குக்கர் விசில் அடிக்காமல் பருப்பு தீய்ந்தது. கொசுகூட முன்னெல்லாம் காதில் சொல்லிவிட்டுக் கடிக்கும்.

கிஷனிடம் நான் என்ன பேசுவது? என் காதுக்குக் கேட்காததைக் கேட்டது என்று சொல்லவா? இந்தத் தெருவில் எத்தனையோ பேர் கேசட் விற்றார்கள். ரபீக்கின் காது என்றுதான் ஆட்கள் தேடி வந்தார்கள். கடை போய்விட்டது. அண்ணனின் புடவைக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாடியில் மாதம் ஒரு நாள்தான் நான் பழைய ரபீக். அங்கே போய், காது தப்பு என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு உட்காருவேன்?

டிரம்மர் விஷயத்தில் மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ரபீக்


கிள்ளான்,
29.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் ஓர் உதாரணம். வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்பைப் பார்ப்போம். எல்லா விளக்கும் எரியவில்லை என்றால் பல்புகளை மாற்றிக்கொண்டே இருக்க மாட்டோம். இசைத்தட்டு, கேசட், சீடி, சிக்னல், குக்கர், கொசு. இத்தனையும் ஒரே சமயத்தில் கெட்டுப்போகுமா, தம்பி?

உங்கள் கையில் அந்தக் கறுப்புக் கேசியோ வாட்ச் இருக்கிறதே, அது மணிக்கு ஒரு தரம் 'பீப்' என்று அடிக்கும். அன்று கிஷன் எழுந்து போன அந்தச் சங்கடமான அமைதியிலும் அடித்தது. நானும் வாசுவும் உங்கள் கையைப் பார்த்தோம். நீங்கள் பார்க்கவில்லை. கடைசியாக அதை எப்போது கேட்டீர்கள்?

உங்கள் சோதனை சரியானது. மேல் சத்தம் இல்லையென்றால் நடுவில் எங்கேயோ குறை என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். அந்தச் சோதனையை இந்த முறை உங்கள் காதுக்கு வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தமன்னாவை அழைத்துக்கொண்டு ஒரு காது டாக்டரைப் பாருங்கள்.

அன்புடன்,
புஷ்பவல்லி


கிள்ளான்,
2.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. போன மாதமும் வரவில்லை, நேற்றும் வரவில்லை. கிஷன் வந்தார். உங்கள் நாற்காலியில் வாசு தன் பையை வைக்கப் போனபோது, "அது ரபீக் அண்ணே எடம்லா" என்று பையை வாங்கிக் கீழே வைத்தார். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் எழுதியது மனதை நோகடித்திருந்தால், டீச்சர்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள். காது எப்படி இருந்தாலும் வாருங்கள். நீங்கள் இல்லாமல் சவுண்ட்கார்டன் ஜெயித்துக்கொண்டே போகிறது. எனக்கே சலிப்பாக இருக்கிறது.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்,
14.10.2024

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

தீபாவளிக் கூட்டம் கடையை நிறைத்திருக்கிறது. தமன்னா கல்லாவில் இருக்கிறாள். நான் பின்னால் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்த அன்றே கேசியோவைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டு மணியாகும் வரை காத்திருந்தேன். எண் மாறியது. சத்தம் வரவில்லை. "அடிச்சிச்சே வாப்பா" என்றாள் தமன்னா, அறையின் அந்தப் பக்கத்திலிருந்து. அதற்குப் பிறகு யாருக்கும் பதில் எழுத மனம் வரவில்லை.

போன மாதம் பரிசோதனை செய்தார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்ட படம் ஒன்று கொடுத்தார்கள். ஆரம்பத்தில் சமதரையாகப் போகிறது, பிறகு பத்துமலைக் கோயில் படியில் கால் தவறியவன் போல இறங்குகிறது. இத்தனை வருடம் சத்தமாகக் கேட்டதுதான் காரணமாக இருக்கும், போனது திரும்பாது என்றார் பரிசோதித்த பெண். காதுக் கருவி ஒன்றை மாட்டினார். தமன்னா பேசுவது தெளிவாக வந்தது. இந்தப் பிள்ளை குரல் இவ்வளவு மென்மையா என்று நினைத்தேன். ஆனால் பாட்டுப் போட்டால் மைலோ டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது. பாட்டுக்குக் கழற்றிவிடுகிறேன்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சுபாங் ஜெயாவுக்குப் போனேன். "என்னண்ணே, போலீஸ் ரிப்போர்ட் குடுக்கப் போறீங்களா?" என்றான் கிஷன். "ரிப்போர்ட் இருக்குடா, ஆனா ஒன் மேல இல்ல" என்று படத்தை நீட்டினேன். கோடு இறங்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். நான் சொல்ல நினைத்து வந்த மன்னிப்பில் பாதியைக்கூட அவன் சொல்லவிடவில்லை. அதே இசைத்தட்டைப் போட்டான். என் கையைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தான். "சிம்பல்ல கேஸ் தோத்துட்டீங்கண்ணே. பேஸுல அப்பீல் பண்ணுங்க" என்றான்.

பேஸ், அந்த அடி அதிரும் சத்தம், இருக்கிறது, டீச்சர். பேர்ல் ஜாம் பாடகரின் அந்தக் கனத்த குரல் ஒரு துளியும் குறையாமல் வருகிறது. உங்கள் சவுண்ட்கார்டன் பாடகர் உச்சிக்குப் போகும்போதுதான் கொஞ்சம் கரைந்துபோகிறார். இதை என் கட்சிக்குச் சாதகமாகப் பயன்படுத்த மாட்டேன், இந்த மாதம் மட்டும்.

தீபாவளி முடிந்து வரும் முதல் ஞாயிறு மாடிக்கு வருகிறேன். சண்டை போடும்போது கருவியை மாட்டிக்கொள்வேன், பாட்டுக்குக் கழற்றிவிடுவேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வலது காது கொஞ்சம் தேவலை. அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். சிம்பல் விழும் இடத்தில் மேசையை விரலால் தட்டுங்கள். மரத்தின் அதிர்வில் எனக்குத் தெரியும். சத்தத்தை நானே நினைவிலிருந்து போட்டுக்கொள்வேன். மேசையைத் தட்டுவதில் உங்களுக்கு அனுபவம் அதிகம்.

இப்படிக்கு,
ரபீக்


கிள்ளான்,
24.10.2024

அன்புள்ள தம்பி ரபீக்குக்கு,

வருகிறேன். வலப்பக்க நாற்காலி என்னுடையது.

தட்டுவதென்றால் ஒழுங்காகத் தட்ட வேண்டும். எங்கே விழுகிறது என்று தெரியாமல் தட்டினால் அது உங்களை ஏமாற்றுவது. அதனால் பேர்ல் ஜாமின் ஆல்பம் ஒன்றைச் சமையலறை மேசையில் போட்டுப் பழகி வருகிறேன். இத்தனை வருடம் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேனே தவிர, அவர்களை முழுதாக உட்கார்ந்து கேட்டது இப்போதுதான். எங்கள் டிரம்மர் உங்கள் பேண்டுக்கு வந்த பிறகு வெளியானதாகப் பார்த்து எடுத்தேன். ஆகவே நான் தட்டுவது எங்கள் ஆளின் சிம்பலைத்தான். உங்கள் பழைய நகைச்சுவைக்கு என் பதில் இது.

முதலில் தப்புத்தப்பாகத் தட்டினேன். இப்போது பெரும்பாலும் சரியாக வருகிறது. அவர் சும்மா அடிக்கிறவர் இல்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடம் பார்த்துச் சிம்பலை வைக்கிறார், வகுப்பில் நல்ல பிள்ளை இன்னொருவர் பேசி முடித்ததும் கை தூக்குவது போல. நீங்கள் சொன்ன சில்லறைதான், தம்பி. கொட்டுகிறது.

நேற்று ஒரு பாட்டில் தட்ட மறந்துவிட்டேன். கையை மேசையில் வைத்தபடி கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். வாசுவிடம் சொல்ல வேண்டாம்.

முறுக்கு கொண்டுவருகிறேன். கருவியை மாட்டிக்கொண்டு கடிக்காதீர்கள்.

என்றும் அன்புள்ள,
புஷ்பவல்லி